படத்தொடரில் களையெடுத்தல்

நுழையும்முன்

நடவு முடிந்து சில வாரங்கள் ஆன வயலில் களையெடுப்போர் வரிசையாகக் குனிந்து நகர்கின்றனர். நெல்லும் புல்லும் ஒரே நிறம். ஏறத்தாழ ஒரே உயரம். ஆயினும் பழகிய விரல்கள் பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டுமே பறிக்கின்றன. பறித்தவை அனைத்தும் வரப்பில் எறியப்படுவதில்லை. ஆரைக்கீரையும் கரிசலாங்கண்ணியும் மடியில் சேர்ந்து வீட்டு அடுப்புக்குச் செல்வதும் உண்டு. வயலுக்குக் களையாக இருந்தது வீட்டுக்குக் கீரையாகிறது. ஒளிப்படத் துறையிலும் இத்தகைய களையெடுப்பு ஒன்று நடைபெறுகிறது. நூற்றுக்கணக்கான படங்களைக் கொண்ட தொடரிலிருந்து வேண்டாதவற்றை ஒருசேர நீக்கும் அப்பணியின் முறையையும் அதில் காக்க வேண்டிய நேர்மையையும் இப்பாடம் விளக்குகிறது.

காலத்தைச் சுருக்கும் கலை

மொட்டு மலர்வதைக் கண் காண்பதில்லை, மலர்ந்ததையே காண்கிறது. நிழல் நகர்வதும் விண்மீன் சாய்வதும் பனிப்பாறை உருகுவதும் அவ்வாறே நம் பார்வையின் பொறுமையைக் கடந்து நிகழ்கின்றன. இத்தகைய மெதுவான மாற்றங்களைக் கண்ணுக்குப் புலப்படுத்த மனிதன் கண்ட வழிகளுள் ஒன்று காலச்சுருக்கப் படத்தொடர். இதனை டைம்லாப்ஸ் என்றும் வழங்குவர். முக்காலியின்மீது அசையாது நிறுத்தப்பட்ட கேமரா, குறித்த இடைவெளியில் ஒரே காட்சியை மீண்டும் மீண்டும் படமெடுக்கிறது. அப்படங்களை வரிசையாக விரைந்து ஓடவிட்டால் மணிக்கணக்கில் நிகழ்ந்தது நொடிக்கணக்கில் கண்முன் விரிகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்சி ஸ்மித் 1910ஆம் ஆண்டு வெளியிட்ட குறும்படத்தில் மலர்கள் இதழ் விரிக்கும் காட்சியை இம்முறையிலேயே மக்களுக்குக் காட்டினார்.

ஓர் எளிய கணக்கு இக்கலையின் அளவை உணர்த்தும். இரவு வானத்தை அரை நிமிடத்திற்கு ஒரு படம் வீதம் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் 120 படங்கள் கிடைக்கும். எட்டு மணி நேரத்தில் 960 படங்கள். நொடிக்கு 24 படங்கள் வீதம் ஓடவிட்டால் அந்த இரவு முழுவதும் 40 நொடிகளில் அடங்கிவிடும்.

அந்த 960 படங்களிலும் வானம் மட்டுமே பதிவதில்லை. விமானம் கோடிழுத்துச் செல்கிறது; தொலைவில் திரும்பும் வண்டியின் முகப்பு விளக்கு மலைச்சரிவை ஒரு கணம் வெளுக்கச் செய்கிறது; லென்ஸின்மீது ஒட்டிய தூசி நிழற்புள்ளியாக நிற்கிறது. ஒரு படத்தைக் கையால் திருத்த ஐந்து நிமிடம் ஆகுமெனக் கொண்டால், தொடர் முழுவதையும் திருத்த 80 மணி நேரம் வேண்டும். அவ்வளவு உழைத்தாலும் பயன் முழுமையாகாது. ஒவ்வொரு படத்திலும் கை சற்று வேறுபட்டு இயங்குவதால், படங்களை ஓடவிடும்போது திருத்திய இடம் துடிப்பதுபோல் மினுங்கிக் கண்ணை உறுத்தும். தனிப்படத்தில் தெரியாத தையல் தொடரில் தெரிந்துவிடுகிறது. ஆகவே ஒரே விதியை எல்லாப் படங்களுக்கும் ஒரே சீராகச் செலுத்தும் தொகுதிமுறைத் திருத்தம் தேவையாயிற்று.

வேண்டாதவை மூவகை

விதி வகுக்க வேண்டுமெனில் நீக்க வேண்டியவற்றின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். படத்தொடரில் இடம்பெறும் மாசுகளை அவை காலத்தில் நடந்துகொள்ளும் முறையை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஒரு படத்திலோ மிகச் சில படங்களிலோ தோன்றி மறைவது. குறுக்கே பறந்த பறவை, வண்டியின் விளக்கொளி, விமானத்தின் ஒளிக்கோடு ஆகியன இவ்வகையின.

இரண்டாவது, எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்பது. லென்ஸிலும் ஒளி உணரியிலும் படிந்த தூசி, காட்சியின் குறுக்கே செல்லும் மின்கம்பி, பழுதுற்று எப்போதும் ஒளிரும் படப்புள்ளி ஆகியன இவ்வகையில் அடங்கும்.

மூன்றாவது, படத்துக்குப் படம் சிறிது சிறிதாக இடம்பெயர்வது. நடந்து செல்வோர், மிதந்து செல்லும் மேகம், மேற்கே சாயும் விண்மீன் ஆகியவற்றை இதற்குச் சான்றாகக் கூறலாம்.

இப்பகுப்பின் பயனைக் கொடைக்கானலில் காணலாம். 1899ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம், 1904 முதல் வானம் தெளிந்த நாள்களில் சூரியனைப் படமெடுத்து வருகிறது. நூறு ஆண்டுகளைக் கடந்த அப்படங்களை ஒருவகையில் மிக நீண்ட காலச்சுருக்கப் படத்தொடர் எனலாம். பழைய கண்ணாடித் தகடுகளில் பதிந்த படங்கள் கணினிக்கு மாற்றப்படும்போது ஒரு சிக்கல் எழுகிறது. சூரியப் புள்ளியும் கறுப்பு. தகட்டில் படிந்த தூசியும் கறுப்பு. ஒரு படத்தை மட்டும் நோக்கினால் எது சூரியனுடையது, எது தகட்டினுடையது எனத் துணிதல் அரிது. அடுத்த நாளின் படத்தை அருகில் வைத்தால் விடை கிடைக்கிறது. புவியிலிருந்து நோக்குவோருக்குச் சூரியன் ஏறத்தாழ 27 நாள்களில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுகிறது. எனவே உண்மையான சூரியப் புள்ளி மறுநாள் சற்றே நகர்ந்த இடத்தில் காணப்படும். தகட்டின் தூசி அந்த ஒரு தகட்டோடு நின்றுவிடும். கருவியினுள் படிந்த தூசியோ எல்லாத் தகடுகளிலும் அதே இடத்தில் தோன்றும். உருவத்தால் பிரித்தறிய முடியாததைக் காலம் பிரித்துக் காட்டுகிறது.

பாரிசு நகரத்தின் ஆளில்லாத் தெரு

நகர்வதை நீக்கி நிலைத்ததை நிறுத்தும் வித்தை, கணினிக்கு முன்பே ஒளிப்படக் கலையின் தொடக்கத்தில் தானாகவே நிகழ்ந்தது. 1838ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லூயி தாகெர், பாரிசு நகரின் புல்வார் து தாம்பிள் என்னும் தெருவை உயர்ந்த சாளரத்திலிருந்து படமெடுத்தார். அது போக்குவரத்து மிகுந்த தெரு. ஆயினும் படத்தில் வண்டிகளும் இல்லை; மக்கள் திரளும் இல்லை. அக்காலத் தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. நகர்ந்துகொண்டே இருந்தவர்கள் எந்த இடத்திலும் போதிய நேரம் நிற்காமையால் சுவடின்றி மறைந்தனர். ஒருவர் மட்டும் காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஓரிடத்தில் நின்றார். அவருடைய உருவம் தகட்டில் பதிந்தது. ஒளிப்படத்தில் இடம்பெற்ற முதல் மனித உருவங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது.

இப்படம் இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. நெடுநேரத்தின் ஒளியைத் திரட்டினால் நிலையற்றவை தாமே விலகும் என்பது ஒன்று. அவ்வாறு கிடைத்த வெறுமையான தெரு உண்மையில் எந்தக் கணத்திலும் இருந்ததில்லை என்பது மற்றொன்று. முதற்பாடம் தொழில்நுட்பத்துக்கு அடிப்படை. இரண்டாவது பாடம் அதன் நேர்மைக்கு அடிப்படை.

இடைநிலை அளவின் ஆற்றல்

இன்றைய கணினி மென்பொருள்கள் முதல்வகை மாசை நீக்கக் கையாளும் கருவி, பள்ளிக் கணிதத்தில் பயிலும் இடைநிலை அளவு ஆகும். எண்ணிம ஒளிப்படம் என்பது படப்புள்ளிகளால் ஆன கட்டம். ஒவ்வொரு புள்ளியின் ஒளிர்வும் ஓர் எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. அசையாத கேமரா அடுத்தடுத்து எடுத்த ஏழு படங்களில் ஒரே புள்ளியின் ஒளிர்வு 20, 21, 19, 240, 20, 22, 20 எனப் பதிந்திருப்பதாகக் கொள்வோம். நான்காம் படத்தில் அவ்விடத்தின் வழியே விமான விளக்கு கடந்துள்ளது என்பது எண்ணைப் பார்த்தாலே விளங்கும்.

இவற்றின் சராசரியைக் கண்டால் ஏறத்தாழ 52 வரும். அந்த எண் எந்தப் படத்திலும் இல்லை. விமானத்தின் ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறைந்து மங்கலான பேயுருவாக எஞ்சியிருப்பதையே அது காட்டுகிறது. மாறாக, எண்களை ஏறுவரிசையில் அமைத்து நடுவில் நிற்பதை எடுத்தால் 20 கிடைக்கிறது. 240 என்னும் எண் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. அது 240 ஆனாலும் 250 ஆனாலும் நடுவில் இருப்பதை அசைக்க முடியாது. சராசரியில் ஒரு பெருங்குரல் எல்லாரையும் தன்பக்கம் இழுக்கிறது. இடைநிலை அளவில் அக்குரலுக்கும் ஓர் இடமே உண்டு.

இம்முறையின் சிறப்பு மற்றொன்றும் உண்டு. விமானக்கோட்டின் இடத்தில் வைக்கப்படும் ஒளிர்வு கற்பனையால் வரைந்தது அன்று. அதே இடத்திலிருந்து, சற்று முன்னும் பின்னும், உண்மையாகவே கேமராவை வந்தடைந்த ஒளி. அதனைக் கடன் எனலாமே தவிரப் புனைவு எனல் ஆகாது.

தெரிந்து தெளிவோம்

1990ஆம் ஆண்டு விண்ணில் செலுத்தப்பட்ட ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஒளி உணரிகளை அண்டக்கதிர்த் துகள்கள் ஓயாது தாக்குகின்றன. ஒவ்வொரு தாக்குதலும் படத்தில் ஒரு வெண்புள்ளியாகவோ சிறுகோடாகவோ பதிகிறது. எனவே ஒரே காட்சியை ஒரே நீண்ட படமாக எடுக்காமல் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட படங்களாகப் பிரித்தெடுப்பர். விண்மீன் எல்லாப் படங்களிலும் இருக்கும். அண்டக்கதிரின் தழும்பு ஒன்றில் மட்டுமே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத் தழும்பு நீக்கப்படுகிறது.

தொகுதியாகத் திருத்தும் முறை

எல்லாப் படங்களுக்கும் சேர்த்து ஒரே இடைநிலை அளவைக் கண்டால் கிடைப்பது அசைவற்ற ஒற்றைப் படமே. அதில் மேகமும் நகராது, நிலவும் எழாது. படத்தொடரின் உயிரே இயக்கம் ஆதலின், நகரும் சாளரம் என்னும் உத்தி கையாளப்படுகிறது. நூறாவது படத்தைத் திருத்த 98 முதல் 102 வரையுள்ள ஐந்து படங்கள் ஒப்பிடப்படுகின்றன. நூற்றொன்றாவது படத்துக்கு 99 முதல் 103 வரை. இவ்வாறு சாளரம் ஒவ்வொரு படமாக நகர்ந்து தொடர் முழுவதையும் கடக்கிறது.

ஐந்து படங்களின் இடைநிலை அளவை அப்படியே எல்லாப் புள்ளிகளிலும் நிரப்பினால் மேகத்தின் விளிம்பும் அலையின் நுரையும் மழுங்கிவிடும். ஆதலால் ஒரு வரம்பு வகுக்கப்படுகிறது. ஒரு புள்ளியின் ஒளிர்வு இடைநிலை அளவிலிருந்து அவ்வரம்பைத் தாண்டி விலகினால் மட்டுமே அது மாற்றப்படும். இல்லையேல் அப்படியே விடப்படும். வரம்பு மிகக் குறைந்தால் பயிரும் பறிபோகும். மிகுந்தால் களை தங்கும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் காண்பதில்தான் திருத்துவோரின் தேர்ச்சி உள்ளது.

இரவு வானத் தொடரில் வேறொரு தடை உண்டு. புவியின் சுழற்சியால் வானம் மணிக்கு 15 பாகை நகர்வதுபோல் தோன்றுகிறது. அரை நிமிடத்தில் அது எட்டில் ஒரு பாகை. கேமரா நிலையாக இருக்க, விண்மீன்கள் நகர்கின்றன. மலையும் மரமும் நிற்கின்றன. அப்படியே ஒப்பிட்டால் விண்மீன்களையே வேண்டாதவை என்று கணினி துடைத்துவிடும். எனவே வானத்தையும் நிலத்தையும் எல்லைக்கோடு வரைந்து இரண்டாகப் பிரிப்பர். வானப்பகுதியில் விண்மீனோடு விண்மீன் பொருந்துமாறு படங்களைத் திருப்பி நேர்ப்படுத்திய பின்னரே ஒப்பீடு தொடங்கும். நிலப்பகுதி தனியே ஒப்பிடப்பட்டு, இறுதியில் இரண்டும் இணைக்கப்படும்.

பெரும்பான்மையைச் சார்ந்த எந்த முறைக்கும் உள்ள குறை இதற்கும் உண்டு. ஐந்து படங்களுள் மூன்றில் ஒரு வண்டி அதே இடத்தில் நின்றிருந்தால், அவ்விடத்தில் வண்டியே நிலையான காட்சி என்று கணக்கு முடிவு செய்யும். சாளரத்தை அகலப்படுத்தி முன்னும் பின்னும் மேலும் பல படங்களைச் சேர்த்தால் இக்குறை நீங்கும். அவ்வாறு அகலப்படுத்தும்போது அந்தியின் ஒளி மாற்றமும் கணக்கில் கலந்துவிடும் என்பதை மறத்தல் ஆகாது.

அசையாத மாசு

எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்கும் மாசுக்கு இடைநிலை அளவு மருந்தாகாது. ஏனெனில் அங்கே மாசே பெரும்பான்மை. இதனை நீக்கும் வழிகள் மாசின் தோற்றுவாயைப் பொறுத்து வேறுபடும்.

தூசி ஒளியைத் தடுக்கிறது; ஆனால் முற்றிலும் மறைப்பதில்லை. சீராக ஒளியூட்டப்பட்ட வெண்பரப்பு ஒன்றை அதே கேமராவால் எடுத்தால் எந்தப் புள்ளியில் எவ்வளவு ஒளி குறைகிறது என்னும் அளவு கிடைக்கும். ஒவ்வொரு படத்தையும் அவ்வளவால் வகுத்தால் தூசியின் நிழல் ஈடுசெய்யப்படும். எப்போதும் ஒளிரும் பழுதுற்ற புள்ளிகளை அறிய, லென்ஸை மூடியிட்டு இருளில் ஒரு படம் எடுப்பர். இருளிலும் ஒளிர்வது கருவியின் குறையே என்பதால் அதனை ஒவ்வொரு படத்திலிருந்தும் கழித்துவிடலாம். இவ்விரண்டும் அளந்து செய்யும் திருத்தங்கள்.

மின்கம்பியின் நிலை வேறு. கம்பிக்குப் பின்னால் இருந்த வானத்தைக் கேமரா ஒருபோதும் கண்டதில்லை. அருகிலுள்ள வானத்தின் சாயலை எடுத்து அவ்விடத்தை நிரப்புவதே வழி. நீக்க வேண்டிய இடத்தை முதற்படத்தில் ஒருமுறை குறித்துவிட்டால், அக்குறிப்பை மென்பொருள் எல்லாப் படங்களுக்கும் பொருத்தும். நிரப்பும் சாயல் அந்தந்தப் படத்தின் அருகிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். எடுக்கும் திசையும் தொலைவும் எல்லாப் படங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தியில் வானம் சிவக்கும்போது ஒட்டும் உடன் சிவக்கும், மினுக்கமும் தோன்றாது. ஆயினும் எவ்வளவு அழகாக அமைந்தாலும் இது ஊகமே. விமானக்கோட்டை நீக்கியதும் மின்கம்பியை நீக்கியதும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றலாம். முன்னது இருந்ததை மீட்டது. பின்னது இருந்திருக்கக் கூடியதை எழுதியது.

களையா, கீரையா?

மார்கழித் தொடக்கத்தை ஒட்டிய நாள்களில், ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில், ஜெமினிட் எரிமீன் பொழிவு காணப்படுகிறது. எரிமீன் ஒரு நொடியில் தோன்றி மறைகிறது. தொடரில் ஒரே ஒரு படத்தில் பதிகிறது. கணினியின் விதிப்படி அது முதல்வகை மாசு. இரவு முழுவதும் குளிரில் காத்திருந்து எடுத்த எரிமீன்களை, விமானக்கோடுகளோடு சேர்த்து ஒரே கட்டளையில் இழந்துவிட நேரும். செயற்கைக்கோளின் கோடு பெரும்பாலும் அடுத்த படத்திலும் தொடரும், எரிமீன் தொடராது. இவ்வேறுபாட்டை அறிந்தவரே விதியைத் திருத்தி எரிமீனைக் காப்பாற்ற இயலும்.

வானியல் வரலாறு இக்கருத்துக்குச் சிறந்த சான்றுகளைத் தருகிறது. விண்மீன் கூட்டங்களை ஆராய்ந்தவர்களின் தகடுகளில் சிறுகோள்கள் குறுங்கோடுகளாகக் குறுக்கிட்டன. சில வானியலாளர்கள் அவற்றை வானத்துப் பூச்சிகள் என்று சலித்துக்கொண்டனர். ஜெர்மனியின் மேக்ஸ் வோல்ஃப் அக்கோடுகளையே தேடினார். 1891ஆம் ஆண்டு அவர் கண்ட 323 புரூசியா, ஒளிப்படத்தின் வழியே கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் ஆயிற்று.

1930ஆம் ஆண்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள லோவல் வானாய்வகத்தில் இளைஞர் கிளைடு டாம்பா, வானத்தின் ஒரே பகுதியைச் சனவரி 23, 29 ஆகிய நாள்களில் எடுத்த இரு தகடுகளை ஒப்பிட்டார். இரு படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டும் கருவியில் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் அசையாது நின்றன. ஒரு சிறு புள்ளி மட்டும் இடம் மாறித் துள்ளியது. பிப்ரவரி 18 அன்று அவர் கண்ட அப்புள்ளிதான் புளூட்டோ. இரண்டில் ஒன்றாக மட்டும் அவ்விடத்தில் பதிந்த அப்புள்ளியைக் கறை என்று துடைத்திருந்தால் அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்திராது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. ஜவ்வாதுமலையில் காவலூரில் அமைந்துள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1988ஆம் ஆண்டு ஆர். இராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். 4130 என்னும் எண் பெற்ற அச்சிறுகோள், கணித மேதை சீனிவாச இராமானுசனின் பெயரைத் தாங்கி 4130 இராமானுசன் என வழங்கப்படுகிறது.

கழித்தலில் கிடைக்கும் விடை

வானில் இன்று களையும் பெருகிவிட்டது. 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் அறுபது ஒரே ஏவுதலில் விண்ணுக்கு அனுப்பப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் சிலி நாட்டின் செரோ டொலோலோ வானாய்வகம் எடுத்த ஒரே படத்தில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் தடங்கள் 19 கோடுகளாகக் குறுக்கிட்டன. அதன் பின்னர் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் சேர்ந்துள்ளன. மிகப் பிரகாசமான கோடு கடந்த புள்ளிகளில் அடியிலிருந்த மங்கலான ஒளி மீட்க இயலாதவாறு அழிந்துவிடுகிறது. அத்தகைய இடங்களை நிரப்புவதில்லை. பயன்படுத்தக் கூடாதவை என்று குறித்துவைப்பதே அறிவியலாளர் வழக்கம்.

அதே சிலி நாட்டில் அமைந்துள்ள வேரா ரூபின் வானாய்வகம் 8.4 மீட்டர் விட்டமுள்ள ஆடியையும் 3200 மெகாபிக்சல் கேமராவையும் கொண்டது. அதன் முதற்படங்கள் 2025ஆம் ஆண்டு சூன் மாதம் வெளியிடப்பட்டன. தென்வானத்தைப் பத்தாண்டுகள் மீண்டும் மீண்டும் படமெடுப்பது அதன் திட்டம். அதுவும் ஒரு மாபெரும் காலச்சுருக்கப் படத்தொடரே. ஆனால் அங்குக் கணக்கு தலைகீழாக நிகழ்கிறது. பல படங்களைச் சேர்த்து உருவாக்கிய நிலையான வானத்தைப் புதிய படத்திலிருந்து கழிக்கின்றனர். நிலைத்தவை அனைத்தும் மறைய, மாறியவை மட்டும் எஞ்சுகின்றன. வெடித்த விண்மீனும் நகர்ந்த சிறுகோளும் அந்த எச்சத்தில்தான் தென்படுகின்றன. நிலக்காட்சி எடுப்பவர் நகர்வதை எறிந்து நிலைத்ததை வைத்துக்கொள்கிறார். வானியலாளர் நிலைத்ததை எறிந்து நகர்வதை வைத்துக்கொள்கிறார். கணக்கு ஒன்றே, கேள்விதான் வேறு.

அழகும் சான்றும்

ஆகவே, எதை நீக்கலாம் என்பதற்கு முன் எதற்காகப் படம் எடுக்கப்பட்டது என்னும் வினா எழுகிறது. சுற்றுலா விளம்பரத்துக்காக எடுத்த கடற்கரைத் தொடரில் பிளாஸ்டிக் பையை நீக்குவது அழகுணர்ச்சி. அதே கடற்கரையின் தூய்மையை மதிப்பிட எடுத்த தொடரில் அதே பையை நீக்குவது பொய்ச்சான்று.

செய்தித்துறை இதில் கண்டிப்பானது. சிரியப் போரைப் படமெடுத்த ஒளிப்படக் கலைஞர் ஒருவர், தம் படத்தின் மூலையில் தெரிந்த சக செய்தியாளரின் வீடியோ கேமராவைக் கணினியால் மறைத்தார். அதனை அறிந்த அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 2014ஆம் ஆண்டு அவருடனான தொடர்பை முறித்துக்கொண்டது. அவர் அளித்திருந்த ஏறத்தாழ 500 படங்களை ஆராய்ந்தபோது வேறெதிலும் மாற்றம் காணப்படவில்லை. படத்தின் பொருளைச் சற்றும் மாற்றாத சிறு மூலைதான். ஆயினும் இருந்ததை இல்லையென்று காட்டிய படத்தை நம்பிக்கைக்குரியதாக ஏற்க அந்நிறுவனம் மறுத்தது.

பனிப்பாறைகள் பின்வாங்குவதைக் காட்ட ஜேம்ஸ் பாலாக் 2007ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா முதலிய இடங்களில் கேமராக்களை நிறுவிக் காலச்சுருக்கப் படத்தொடர்களை எடுத்தது. அத்தகைய தொடர் உலகுக்கு முன் வைக்கப்படும் சான்று. பனி மூடிய லென்ஸால் கெட்டுப்போன படம் ஒன்று இடையில் வந்தால், அதனை அழகாக நிரப்புவதைவிட விட்டுவிடுவதும், விட்டதைக் கூறுவதுமே சான்றுக்கு வலிமை சேர்க்கும்.

களையெடுப்பவர் காக்க வேண்டியவை

இவற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன. மூலப்படங்களை ஒருபோதும் மேலெழுதக் கூடாது. திருத்தம் எப்போதும் படியின்மீதே நிகழ வேண்டும். தொடர் முழுவதற்கும் விதியைச் செலுத்துமுன், தொடக்கம், நடு, இறுதி ஆகிய இடங்களிலிருந்து சில படங்களை எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்திக்குப் பொருந்திய வரம்பு நள்ளிரவுக்குப் பொருந்தாது. எந்த விதி, எந்த வரம்பு, எந்தப் படங்கள் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். ஊகத்தால் நிரப்பிய இடங்கள் இருந்தால் பார்ப்போர்க்கு அதனை அறிவிக்க வேண்டும்.

இவற்றினும் பயன்மிக்க ஒரு பழக்கம் உண்டு. மூலப்படத்திலிருந்து திருத்திய படத்தைக் கழித்தால், நீக்கப்பட்டவை மட்டுமே கொண்ட படம் ஒன்று கிடைக்கும். அதனை எறியாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். கறுத்த பின்னணியில் விமானங்களும் பறவைகளும் வண்டி விளக்குகளும் வரிசையாகக் கடக்கும். விண்மீன்கள் அதில் தென்பட்டால் வரம்பு தவறானது என்பது விளங்கும். எங்கோ ஒரு படத்தில் எரிமீன் ஒன்று ஒளிர்ந்து மறையவும் கூடும். பறித்த கட்டை வரப்பில் விரித்துக் கீரையைத் தேடும் கைகளின் வேலையே அது.

நூற்றுக்கணக்கான படங்களைச் சில நிமிடங்களில் தூய்மையாக்கும் ஆற்றல் இன்று எளிய கணினிக்கும் கைவந்துள்ளது. வேண்டாதவை எவை என்று அதற்குக் கூறுவது மனிதனே. பெரும்பான்மையோடு பொருந்தாதது என்பதற்காக மட்டும் ஒன்றை நீக்கும் கணக்கு, தூசியையும் புளூட்டோவையும் ஒன்றாகவே கருதும். அவற்றை வேறு பிரித்தறிந்தது, இரு தகடுகளை மாற்றி மாற்றி நோக்கிய ஓர் இளைஞனின் பொறுமையே. விதியை விரைவாகச் செலுத்தும் காலத்தில் அப்பொறுமையைக் கைவிடாதிருத்தலே படத்தொடரில் களையெடுப்போர் கற்க வேண்டிய முதற்பாடம்.

கற்பவை கற்றபின்

1. ஒரு படப்புள்ளியின் ஒளிர்வு ஐந்து படங்களில் 34, 36, 35, 210, 33 எனப் பதிந்துள்ளது. சராசரியையும் இடைநிலை அளவையும் கண்டு, எது உண்மையான காட்சிக்கு நெருக்கமானது என்பதைக் காரணத்துடன் எழுதுக.

2. திறன்பேசியை அசையாது நிறுத்திப் பள்ளி முகப்பை ஒரு நிமிடத்திற்கு ஒரு படம் வீதம் அரை மணி நேரம் படமெடுக்க. அப்படங்களில் காணப்படும் வேண்டாதவற்றைப் பாடத்தில் கூறப்பட்ட மூவகையுள் அடக்கிப் பட்டியலிடுக.

3. 'சான்றாக அளிக்கப்படும் படத்தில் சிறு மாற்றமும் கூடாது' என்னும் தலைப்பில் ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் கலந்துரையாடுக.